நான்கு புள்ளி ஏழு

நவம்பர் மூடுபனியில் ப்ர்னோ நகரத்து டிராம்கள்
வெறும் மணியோசையாக வந்து போய்க்கொண்டிருந்த வாரம்
புதிய இயங்குதளத்தை வெளியிட்டோம்.
முப்பத்திரண்டு பிட் நூலகங்கள் அனைத்தையும்
ஒரே கட்டளையில் வழித்தெறிந்தவள் நான்தான்.
கேக் வெட்டினார்கள். எனக்கு ஓரத்துண்டு.

திங்கட்கிழமை ஒரு புகார் வந்தது,
ஓலோமோத்ஸிலிருந்து, பார்வையற்றோர் நூலகத்திலிருந்து.
உங்கள் மேம்பாட்டுக்குப் பிறகு
எங்கள் பிரெய்ல் அச்சுப்பொறி வாய் திறக்கவில்லை.
மென்பொருள்: நான்கு புள்ளி ஏழு.
தயாரித்த நிறுவனம்: இப்போது இல்லை.
மூலநிரல்: எப்போதும் இருந்ததில்லை.
அவசரமா: ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகம், நீங்களே சொல்லுங்கள்.
இப்படிக்கு ப்ளாஷெனா குத்ர்னோவா.

ஓத்மார் கணக்கைத் திறந்து காட்டினான்.
உலகம் முழுக்க அதை ஓட்டும் கணினிகள் மூன்று.
'மூன்றுக்காகவா?'
நூலகத்தை அழித்தேன், ஒரு நூலகம் நின்றுவிட்டது
என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.
பூண்டு சூப் ஆறிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

கிழட்டு நிரல் அது. கண் விழித்ததும்
நீ யார் என்று கேட்கிறது.
பதில் பிடிக்காவிட்டால்
மறுபடி படுத்துக்கொள்கிறது.

அதற்கென்று ஒரு பழைய உலகம் கட்டினேன்.
நிறங்கள் மொத்தம் பதினாறு என்றேன்.
கழற்றி வீசிய அச்சுத்துறை
இன்னும் முதுகில் இருப்பதாகச் சொன்னேன்.
நினைவகம் எவ்வளவு என்றது;
அறுபத்து நான்கு மெகாபைட் என்றேன், அடக்கமாக.
ஆண்டைக் கேட்டபோது மட்டும் உண்மை,
முதல் பக்கத்தில் அச்சாகிவிடும் என்பதால்.
ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் நடத்துவார்கள்.
எனக்கு நாற்பத்தொன்று போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை தொலைபேசியில் ப்ளாஷெனா:
'ஓடுகிறது. ஆனால் தப்பாக ஓடுகிறது.
வந்து பாருங்கள், அதாவது தொட்டுப் பாருங்கள்.'

தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல
அறை முழுக்க அச்சுப்பொறி.
மெய்ப்பு பார்க்கும் ஹைனெக்குக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு,
காதில் வளையம், கையில் என் தாள்.
'பக்க எண் ஓடிவிட்டது' என்றான்.
பழைய தாள்களில் அது விளிம்பிலிருந்து ஒரு கட்டம் உள்ளே.
என் தாளில் விளிம்பிலேயே.

'விதிப்படி விளிம்பில்தானே இருக்க வேண்டும்?'

'விதிப்படி, ஆமாம்.
மேல்மாடியில் பதினோராயிரம் தொகுதிகள்.
எல்லாவற்றிலும் எண் உள்ளேதான்.
விரல் விதியைப் படிப்பதில்லை,
போன இடத்துக்கே போகும்.'

ஆக, பழைய இயங்குதளம்
வரியின் அகலத்தை ஒன்று குறைத்துச் சொல்லியிருக்கிறது,
பத்தொன்பது வருடங்களாக, யாரும் கவனிக்காமல்.
யாரும் என்றால்
கண்ணால் பார்த்த யாரும்.
நான் சரியான அகலத்தைச் சொல்லித்
தவறு செய்துவிட்டேன்.

திரும்பும் ரயிலில் முழங்கால்மேல் கணினி.
ப்ரோஸ்த்யேயோவ் தாண்டுவதற்குள் முடிந்தது:
ஒரு கழித்தல் குறி, ஓர் ஒன்று.
மேலே குறிப்பு: இது பிழை. எனக்கும் தெரியும். தொடாதே.
யாராவது திருத்தினால் அலறுவதற்கு
ஒரு சோதனையும் எழுதி வைத்தேன்.
நாற்பத்திரண்டாவது பொய்
மற்ற எல்லாவற்றையும்விட மெய்யாக இருந்தது,
தலையில் புள்ளி வைத்துக்கொண்டு.

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி:
ஆதரவு முடியும் தேதி.
ஓத்மார் பின்னால் நின்றான், மேல்கோட்டுடன்.
அடுத்த வெளியீட்டின் தேதியை நிரப்பினேன்.
அது வரும்போது அதற்கடுத்ததை நிரப்புவேன்.
அவனுக்கும் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுப் போனான்,
நான் இன்னும் உட்கார்ந்திருப்பதை மறந்து.

மேசையில் ஹைனெக் கொடுத்தனுப்பிய தாள்.
எனக்குப் படிக்கத் தெரியாது.
நன்றியாக இருக்கலாம். ரயில் கட்டண ரசீதாகவும் இருக்கலாம்.
இருட்டில் வலது மூலையைத் தேடி
விளிம்பைத் தாண்டி மேசைக்குப் போன விரல்
ஒரு கட்டம் பின்வாங்கி
நின்றது.